நாலு வெள்ளிக்கு 2178

பினாங்குப் பாலத்தில் மழை பெய்த வெள்ளிக்கிழமை
தடுப்பில் ஏறி நின்ற வெள்ளை வீராவை
லாசரஸ் இழுத்துவந்து
ஜெலுத்தோங் பட்டறை வாசலில் இறக்கினான்.
முகம் போயிருந்தது.
நம்பர் பலகையில் மட்டும் ஒரு கீறல் இல்லை: 2178.

கணக்கு எழுதுகிறவள் நான்.
வண்டி எண், தேதி, இழுப்புக் கூலி.
எழுதி முடிப்பதற்குள்
எதிர்க்கடையில் கோப்பி குடித்தவர்கள்
பாதிக் குவளையோடு வந்து
பலகையைப் படம் பிடித்தார்கள்.
ஓட்டியவருக்கு என்ன ஆச்சு என்று
ஒருவர் கேட்டார். அவரும் படம் பிடித்த பிறகுதான் கேட்டார்.

குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.
சனிக்கிழமை மதியம் நம்பர் கடைக்குப் போய்
நானும் நாலு வெள்ளி கட்டினேன்.
'புரட்டிப் புரட்டி எல்லாம் எடு, இருபத்துநாலு விதம்' என்றாள் சியூ இங்.
இருபத்துநாலு வெள்ளிக்கு மூன்று நாள் மீன் வாங்கலாம்.
'நேரா போதும்' என்றேன்.

அன்று இரவு விழுந்தது 8712.

எரிச்சலில்தான், காரணம் வேறில்லை,
சீட்டின் முதுகில் கிறுக்கினேன்.
கட்டிய பணத்தால் எண்ணைப் பெருக்கினேன்.
நாலெட்டு முப்பத்திரண்டு: இரண்டு போட்டு மூன்று கையில்.
நாலேழு இருபத்தெட்டு, மூன்றும் முப்பத்தொன்று:
ஒன்று போட்டு மறுபடி மூன்று கையில்.
ஓர்நாலு நாலு, மூன்றும் ஏழு. கை காலி.
ஈர்நாலு எட்டு.

சோறு ஆறிக்கொண்டிருந்தது.
மறுபடி போட்டேன். அதேதான்.

பக்கக் கண்ணாடியும் எண்ணைத் திருப்பும்;
ஆனால் அதில் இரண்டு வேறேதோ எழுத்தாகும்,
ஏழு முதுகைக் காட்டும்.
இங்கே ஒருவருக்கும் முகம் கெடவில்லை.
இடம் மட்டும் மாறி உட்கார்ந்தார்கள்,
கல்யாண வேனில்
சன்னல் ஓரத்துக்காக மாறுவதுபோல.

இன்னொன்று இப்படி இருக்குமா என்று
ஞாயிறு முழுக்கத் தேடினேன்.
முதல் இலக்கம் மூன்றானால்
ஐந்தாவதாக ஒன்று முளைத்துவிடும்.
ஒன்றும் ஆகாது, நாலின் மடங்கு ஒற்றையில் முடியாது.
ஆக, இரண்டு. அது இரண்டென்றால்
கடைசியில் எட்டுதான்.
நடுவில் இருவர்:
முன்னவரின் பதின்மூன்று மடங்கோடு ஒன்று கூட்டினால்
பின்னவரின் இருமடங்கு வர வேண்டும்.
ஒன்றும் ஏழும் மட்டுமே ஒத்துக்கொண்டார்கள்.

கதவு கதவாகச் சாத்திக்கொண்டே போனேன்.
கடைசி அறையில் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தது
மழையில் சறுக்கிய ஒரு வண்டியின் எண்.
அதிர்ஷ்டம் என்ற சொல்லே அதற்குத் தெரியாது.
நடுவில் ஒன்பதைச் செருகினாலும்,
21978, 219978,
பழக்கத்தை விடுவதில்லை.
பாதியாய்ப் பிளந்தால்
முப்பத்துமூன்று வரிசை, வரிசைக்கு முப்பத்துமூன்று.
இத்தனையையும் வைத்துக்கொண்டு
பம்பரில் திருகப்பட்டுக் கிடந்திருக்கிறது
எத்தனை வருடமோ.

மூன்று வாரம் கழித்து
இடக்கை கழுத்துக் கட்டில் தொங்க
நைனா முகமது வந்தார்.
வண்டியைக் காயலான் கடைக்கு எழுதிக் கொடுத்தார்.
பலகையை மட்டும் கேட்டார்.
துருப்பிடித்த திருகாணியோடு
லாசரஸ் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது,
'என் நம்பரை நெறையப் பேரு எடுத்தாங்களாமே,
யாருக்காச்சும் விழுந்துச்சா?'

'திரும்பி வந்துச்சு' என்றேன்.

பலகையை நல்ல கையால் வாங்கிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.
'நானுந்தான்.'

நாலால் பெருக்கிய கதையை நான் சொல்லவில்லை.
இழுப்புக் கூலி நூற்றறுபது;
இருநூறு தந்தார்.
நாற்பதை இருமுறை எண்ணிக் கொடுத்தேன்.