நாற்பத்தைந்து பார்

நீர்மூழ்கி என்றால் எங்கள் பக்கம் மோட்டார்.
ஐந்து குதிரைத்திறன், ஏழரை, பத்து.
கணபதியில் செய்து அன்னூரில் இறக்குவார்கள்,
ஆனி முடிவதற்குள் புகைந்துபோகும்,
காயில் சுற்ற ஆளும் உண்டு.
கப்பலுக்கும் அதே பெயர்தான் என்பது
வரைபடம் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

வரைபடத்தில் கப்பல் இல்லை.
ஒரு வால்வு, ஓர் எண்,
உள்விட்டத்துக்குக் கூடக்குறைய பன்னிரண்டு மைக்ரான்.
எதற்கு, எங்கே, எந்த ஆழத்துக்கு
என்று எழுதியிருந்த இடமெல்லாம் கறுப்பு மை.
கேட்காதீங்கக்கா, என்றான் முதலாளி மகன்.
டெஸ்ட் மட்டும் பண்ணுங்க.

அதுதான் என் வேலை.
நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த வெண்கலம்,
இரண்டு வாயையும் அடைத்துத் தண்ணீர் ஏற்றி
நாற்பத்தைந்து பார், ஒரு மணி நேரம்.
பார் என்றால் உலகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன்.
இங்கே அது அழுத்தம்.
பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு பார்.
டீக் குடிக்கும்போது கணக்குப் போட்டேன்:
நானூற்றைம்பது மீட்டர்.
அடியில், ஆயிரத்து நானூற்று எழுபத்தாறு.

அந்த ஆழம் எனக்குத் தெரியும்.
எங்கள் காட்டில்
திருச்செங்கோட்டு ரிக் வண்டி
இரண்டு ராத்திரி குடைந்து நிறுத்திய இடம் அது,
நாலடி கூடுதல்.
கம்பிக்குமேல் கம்பியாக இறங்கியும்
வந்ததெல்லாம் புகை.
சோளத்தட்டு, எருமை, கொழுந்தனார் மீசை
எல்லாம் கருங்கல் மாவில் வெளுத்தன.
வட்டி ஓடுகிறது.
குழாய் வாயில் சாக்கைக் கட்டிக் கல் வைத்திருக்கிறோம்.

பழைய நீர்மூழ்கிகள் மூச்சுக்கு மேலே வருமாம்,
குட்டையில் எருமை மூக்கை நீட்டுகிற மாதிரி.
புதியவை வாரக்கணக்கில் கீழேயே கிடக்கும்.
விசாகப்பட்டினத்திலிருந்து வந்த அதிகாரி
அவ்வளவு சொல்லிவிட்டு
அதற்குமேல் சொல்லாமல் இளநீர் குடித்தார்.

எங்கள் முப்பத்தொரு பேரில்
கடலுக்குள் போய்வந்தவன்
சிஎன்சி ஓட்டும் சுதர்சன் பெஹெரா மட்டும்தான்.
கோபால்பூர்க்காரன், அப்பன் வலைக்காரன்.
நான் ராமேஸ்வரத்தில் ஒருமுறை, முழங்கால் வரை.
கடல் அமுக்காதுக்கா, என்பான் அரைகுறைத் தமிழில்.
தேடும். சந்து எங்கேன்னு தேடிக்கிட்டே இருக்கும்.

பதினோராவது வால்வு, முப்பத்தெட்டாவது நிமிடம்.
சூலூரிலிருந்து கிளம்பிய இரண்டு விமானங்கள்
கூரைத் தகட்டை உரசுகிற மாதிரி போயின.
அழுத்தமானியின் முள் நடுங்கியது.
அதனால்தான் என்று நினைத்தேன்,
நினைக்க ஆசைப்பட்டேன்.
சத்தம் பொள்ளாச்சிப் பக்கம் தேய்ந்தது.
முள் நின்றது,
நின்ற இடம் ஒரு மயிரிழை கீழே.

கழுத்தடியில் வெண்கலம் வியர்த்திருந்தது.
கடுகில் பாதி.
துடைத்தேன்.
ஒன்பது நிமிடத்தில் மறுபடியும்.
உருகும்போது உள்ளே சிக்கிய ஏதோ ஒரு மூச்சு
வழி விட்டிருக்கிறது.

சனிக்கிழமை லாரி. முதலாளியே இறங்கி வந்தார்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
அம்மிணி, கடுகளவுகூட இல்லீங்களே.
கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை.
அவருக்கும் பேங்கில் ஒரு ரிக் வண்டி
இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

சுதர்சன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தான்.
விரலால் அந்தத் துளியைத் தொட்டு
நாக்கில் வைத்தான்.
இன்னும் உப்பு இல்லை, என்றான்.

சிவப்புப் பெயின்ட் டப்பா மூடி இறுகிக் கிடந்தது.
ஸ்குரூ டிரைவரால் நெம்பியபோது
என் புடவை முந்தானையிலும் ஒரு பொட்டுத் தெறித்தது,
போகவே இல்லை.

மாசியில் டிவியில் காட்டினார்கள்.
தேங்காய் உடைத்தார்கள்; கறுத்த முதுகு ஒன்று
பாண்டு வாத்தியத்தோடு தண்ணீரில் வழுக்கி இறங்கியது.
எங்கள் பத்து அதில் இருக்கிறதா, வேறொன்றிலா,
யாரும் சொல்லப் போவதில்லை.

அன்று இருட்டியபின் காட்டுக்குப் போனேன்.
கல்லை நகர்த்தி, சாக்கை அவிழ்த்து
குழாயில் காதை வைத்தேன்.
நாற்பத்தைந்து பார் இருக்க வேண்டிய இடத்தில்
வெதுவெதுப்பாய்க் கொஞ்சம் காற்று.
சாக்கை இரட்டை முடிச்சாய்க் கட்டினேன்.
பக்கத்துக் காட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.