மல்லாந்து எடுத்த படம்

மாசியில் நான் எடுத்த படத்தில்
கோணாமலை மல்லாந்து கிடக்கிறார்.
பெருநாடி
ஒன்பதாம் முள்ளெலும்பின் இடப்பக்கம்
ஒட்டிக்கொண்டு நிற்கிறது,
மழைக்கு ஆஸ்பத்திரி மதிலோடு ஒதுங்கும் மான் மாதிரி.

டொக்டர் இம்தியாஸ் திரையில் பேனையை வைத்தார்:
“திருகாணியின் முனை இங்கதான் வரும்.
ஆனா நான் இவரை இப்பிடிக் கிடத்தியா வெட்டப்போறன்?
ஒருக்காக் குப்புறப் போட்டு எடுங்கோ, நிசாந்தினி.”

நியாயம்தான்.
வாடையில் நங்கூரமிட்ட வள்ளம்
கச்சானிலும் அதே பக்கம் தலை வைத்திருக்கும் என்று
உட்துறைமுகத்தில் எவனும் நம்பமாட்டான்.
கயிறு விட்ட மட்டும் எல்லாம் நகரும்,
உடம்புக்குள்ளும்.

மார்புக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று.
நடுவில் வயிறு தொங்கவேண்டும்;
அழுந்தினால் நாளங்கள் வீங்கும்,
வெட்டுமிடம் இரத்தக் குளமாகும்.
எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.
சீனன்குடா எண்ணெய்க் குதத்துக்குப்
பெயின்ட் அடிக்கையில் விழுந்த மனிதரிடம் சொன்னேன்:
“அண்ணை, திருப்பிப் போடப்போறம்.
முகம் கீழ. கை ரெண்டும் தலைக்கு மேல.”

பேச்சில்லை.
பிறகு,

“பிள்ளை, கடைசியா நான் இப்பிடிக் கிடந்தது ஒரு சந்தியில.
என்னோட பதினொரு பேர்.
தார் ரோட்டு, உச்சி வெயில்.
எழும்பச் சொல்லேக்க ஏழு பேர்தான்.”

எந்தச் சந்தி என்று கேட்கவில்லை.
மேசையின் மெத்தையைப் பார்த்தேன்.
பதினான்கு வருசமாய் அது கறுப்பு,
இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.
தியேட்டரில் ஓடிப்போய்ப் பச்சைத் துணி வாங்கிவந்து
மூலை தெரியாமல் விரித்தேன்.
கையை மேலே தூக்க வேண்டாம் என்றேன்.
படத்தில் கோடு விழும்.
விழட்டும்.

“சரி, போடுங்கோ.”

நாலு பேர் சேர்ந்து
ஒரு பலகையைப் போல உருட்டினோம்.

பெருநாடி ஐந்து மில்லிமீட்டர் முன்னுக்குப் போயிருந்தது,
கொஞ்சம் நடுவாக.
எலும்புக்கும் அதற்கும் இடையில்
கொழுப்பின் மெல்லிய கறுப்பு.
மூன்று தரம் அளந்தேன்.
திருகாணிக்கு அது போதுமா என்று
டொக்டர்தான் சொல்லவேண்டும்.
அறிக்கையில் எழுதினேன்: நிலை, குப்புற.
கைகள், பக்கவாட்டில்.
காரணம் கேட்கும் கட்டம் அதில் இல்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
ஒலிவாங்கியை அழுத்தி
மூச்சை அடக்குங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்கு முன்னமே அவர் முதுகு
அசையாமல் கிடந்தது.

“இனி விடலாம், அண்ணை.”

இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.