மேலே உள்ள படத்தில் கண்டபடி

சத்துவாச்சாரி கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடை,
மத்தியானம் ரெண்டே கால்.
துளுக்காணம் பென்டிரைவில் கொண்டுவந்த மனு
நாற்பத்தேழு எம்.பி.
போர்ட்டலின் வாய்க்குள் போவது ரெண்டு.

"படத்தை எடுத்துடும்மா,
எழுத்து போதும்னு சொல்லிட்டாங்க."

ஒவ்வொன்றாய்த் தட்டி அழித்தால் பொழுது சாய்ந்துவிடும்.
அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன்.
ஃபைலைக் காட்டினால்
ஒரே ஒரு கேள்வி கேட்கும்:
எல்லாமா?

எல்லாம்.

பச்சைக் கோடு ஓடி நின்றது.
நூற்றுப் பன்னிரண்டு படங்கள் நீக்கப்பட்டன.

கிணற்றுக்குள் பாதியில் தொங்கும் வாளி,
தோல் ஷாப்புக்குப் பின்னால் நீலம் பாரித்த வாய்க்கால்,
ஒன்றின் மூலையில் அவருடைய கட்டைவிரல்.
திறக்கும்போது கண்ணில் பட்டவை, அவ்வளவுதான்.

இப்போது நூற்றெண்பது கே.பி.
அறுபது பக்கம் ஒன்பதாகி
பத்திகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன.
எழுத்தைத் தொடாது இந்தக் கருவி,
அதில் நாணயம்:

படம் 14: என் கிணறு.
படம் 15: அதே கிணறு, மழைக்கு அப்புறம்.
மேலே உள்ள படத்தில் கண்டபடி
மாடுகூடக் குடிப்பதில்லை.

மேலே
படம் 14, படம் 15 என்ற சொற்கள்தான்.

"இந்த வரிங்களையும் எடுத்துடட்டுங்களா?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.
"இருக்கட்டும்.
எங்கன்னு கேப்பாங்க இல்ல?"

அப்லோட் ஆனது. ரசீது நம்பர் வந்தது.
பிரின்ட் பத்து ரூபாய், சில்லறையாகவே கொடுத்தார்.

இடம் பத்தலை, கண்டதையும் அழி என்று
முதலாளி தினமும் கத்துகிற டி டிரைவில்
துளுக்காணம் அசல் என்று பேர் வைத்து
நாற்பத்தேழு எம்.பி.யையும் போட்டுவைத்தேன்.
அவர் கேட்கவில்லை.