செராய்ப் புதர்

பதினேழு நாளாய் முட்டையில்லை.
பீடோங் கடையில் தீவன மூட்டை
மறுபடி நாலு வெள்ளி ஏறியிருந்தது.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து,
தூங்காமல்,
கழுத்தில் இறகில்லாத அந்தச் செவலையைப்
பிடித்தேன்.

கொதிநீரில் முக்கி, இறகு பிடுங்கி,
வயிற்றைத் திறந்தால்
உள்ளே
நாளைக்கு ஒன்று, ஓடு கட்டாமல்;
மறுநாளுக்குக் கொஞ்சம் சின்னது;
பிறகு கோலிக்குண்டு, மிளகு, கடுகு
என்று மஞ்சள் மஞ்சளாய்
நான் இன்னும் கிழிக்காத தேதிகள்.

கறி கொதிக்கும்போது
வேலிக்கு அந்தப் பக்கம் காக் ரொஹானி.
பச்சை பேசினில் பதினொரு முட்டை.
"உன் கோழி எங்கள் செராய்ப் புதருக்கு
வாடகை தரவேண்டும்" என்று சிரித்தார்.
நான் அடுப்பை மறைத்து நின்றேன்.

பேசின் வெறுமையாய்த் திரும்பக் கூடாது.
நான் அறுத்தது அவருக்கு ஆகாது.
தண்ணீரில் போட்டுப் பார்த்தேன்.
மூன்று மிதந்தன.
அடியில் படுத்த எட்டில் ஐந்தை எடுத்து
அவருக்கே கொடுத்தனுப்பினேன்.

அந்தியில் யுகேந்திரன்
குழம்பைக் கிளறி
இருப்பதிலேயே பெரிய மஞ்சளைக்
கரண்டியில் ஏந்தினான்.
"இது என்னம்மா?"

"முட்டைதான். தின்னு."

வெளியே ஃபேக்டரி பஸ்
இரண்டாவது முறை ஹாரன் அடித்தது.