பாட்டின் வேகம் பற்றிய தகராறு

கல்லடியில் மெல்ரோய் பார்த்தலோட்டின்
ரேடியேட்டர் திருத்துகிற கடை
போயா நாளில் பாதிக் கதவுதான் திறக்கும்.
குனிந்து உள்ளே போகவேணும்.
ஈய வாசம். வாளியில் பச்சைத் தண்ணீர்.
சுவரில் டீப் பர்ப்பிள் ஐந்து பேரும்
லொறி பற்றரி விளம்பரத்துக்குப் பக்கத்தில்.

நாங்கள் நாலு பேர்.
மெல்ரோய்,
காத்தான்குடியில் பாமசி வைத்திருக்கிற நௌசாத்,
அம்பாறை டிப்போவில் பஸ் ஓட்டுகிற நிலந்த,
காணிப் பதிவகத்துக் கிளாக் தவமலர், அது நான்,
வயது நாற்பத்தேழு,
வீட்டில் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு வருகிறவள்.

எங்களுக்குள் ஒத்துவருகிற விசயம் குறைவு.
கீபோட் இல்லாத பாண்ட் நௌசாத்துக்குப் பாண்டே இல்லை.
செப்பலினின் ட்ரம்காரன் செத்த அன்றோடு
மெல்ரோய்க்கு உலகம் முடிஞ்சு போச்சு,
மறுகா வந்ததெல்லாம் தகரம் தட்டுறது.
"தகரம் தட்டுறது ஒண்ட தொழிலெல்லோ மச்சான்"
என்பான் நௌசாத்.

ஒரு வரியில் நான் இருபது வருசம்
"கருவாடு" என்று பாடியிருக்கிறேன்.
அதே இடத்தில் நிலந்த பாடுவது
அவன்ட ஊர்ப்பக்கம் ஒரு குளத்தின் பெயராம்.
சரியான சொல்லை மெல்ரோய் சொன்னபோது
இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

போன போயாவுக்குப் புது ஸ்பீக்கர் வந்திருந்தது,
மெல்பேர்னிலிருந்து மருமகன் அனுப்பினது.
பூனைக்குட்டியளவு உடம்பு, யானைத் தொண்டை.
பிங்க் ஃபுளொயிட் போட்டான் மெல்ரோய்.
முதல் கிற்றார் விழுந்ததுமே சொன்னேன்:
"இது வேகமா ஓடுது."
"ஓம், கொஞ்சம் பாயுது" என்றான் நௌசாத்.
போனைத் தட்டிப் பார்த்தோம், துடைத்துப் பார்த்தோம்.
நிலந்த மட்டும், "இல்ல அக்கா,
இது சரிதானே. எப்பவும் இப்பிடித்தான்."
"நீ எங்க கேட்ட?"
"ஹிங்குறாணை. சீனி ஆலைக் குவாட்டர்ஸ்.
தொண்ணூத்தொண்டில அப்பா செட் வாங்கினது."

தொண்ணூற்றொன்றில்
ஆரையம்பதியில் எங்களுக்குக் கரண்ட் இல்லை.
சைக்கிளைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி
டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து
இரண்டு வயர் இழுத்துச் செட்டில் கொழுவியிருந்தான் அண்ணன்.
அவனும் சிநேகிதன்மாரும் கேட்பார்கள்.
மிதிக்கிறது நான்.
பதின்மூன்று வயது, பாவாடையைச் சொருகிக்கொண்டு.
நான் களைத்தால் பாட்டுக்காரன் கிழவனாவான்.
நுளம்பு கடித்துக் காலை உதறினால்
ஒரு சொல் தண்ணிக்குள் அமிழ்ந்து எழும்பும்.
கிற்றார் உச்சிக்கு ஏறுகிற இடத்தில்
"மிதி புள்ள, மிதி!" என்று எல்லாரும் கத்துவார்கள்.
அந்தப் பாண்டில் நானும் இருந்தேன்.
கசெற் உறையில் பெயர் போடவில்லை, அவ்வளவுதான்.

சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னேன்.
நிலந்த பிளேன்ரீக் கப்பைப் பார்த்தான்.
"எங்கட பக்கம் கரண்ட் இருந்தது" என்றான்,
எடுத்த சாமானைத் திருப்பி வைக்கிற மாதிரி.
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா இரவில அப்பா லைட் எல்லாம் அணைப்பார், பயத்தில.
சத்தத்தக் குறைச்சு
ஸ்பீக்கர்ல காத ஒட்டி வச்சுத்தான் கேட்டது."
நௌசாத் ஒன்றும் சொல்லவில்லை.
அவன்ட தொண்ணூறைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை.
அடுத்த பாட்டைப் போடுவோம்.

அன்றைக்கு மெல்ரோய் அதே பாட்டைத்தான் போட்டான்.
போனில் வேகத்தைக் குறைக்க ஓரிடம் இருக்காம்.
"இப்ப?"
"இன்னும் கொஞ்சம்."
"இப்ப?"
"ம்."
பாட்டு நடந்துவந்தது, ஆனால்
குரல் கிழவனாகவில்லை.
மெசினுக்குக் களைக்கத் தெரியாது.
நிலந்த முகத்தைச் சுளித்தான், பிறகு
கதிரையை ஸ்பீக்கருக்குக் கிட்ட இழுத்துப் போட்டான்.

கிற்றார் ஏறத் தொடங்கியது.
வாங்குக்கடியில் என் கால்களைக் கண்டுவிட்டு
மெல்ரோய்தான் முதலில் கத்தினான்:
"மிதி புள்ள, மிதி!"
மறுகா நௌசாத்.
கொஞ்சம் பிந்தி, சிங்கள உச்சரிப்பில், நிலந்தவும்.

ஐந்து நாற்பதுக்கு அம்பாறைக்குக் கடைசி பஸ்.
பஸ் ஓட்டுகிறவன்
அன்றைக்கு அதைத் தவறவிட்டான்.