மேகத்துக்கு மேலே ஒரு சத்தம்

முப்பத்தாறாவது வாரத்தில் தமயந்தியைப்
பெர்த்துக்கு விமானம் ஏற்றிவிட்டேன்.
இந்தத் தீவில் பிள்ளை பெற விடமாட்டார்கள்.
ஆஸ்பத்திரி இருக்கிறது, கட்டில் இருக்கிறது,
மயக்க மருந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை.
நாலு மணி நேரம் கடலைத் தாண்டிப் போய்
யாரோ கட்டிய வாடகை அறையில்
வலி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் தீவு என்று பேர்.
மதுரையில் சொன்னால்
கேக் நிறையக் கிடைக்குமா என்கிறார்கள்.

இங்கே நானும் இயலும்.
ஜெனரேட்டருக்கு பெல்ட் மாட்டும் கைக்கு
இரட்டைப் பின்னல் படியவில்லை;
ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே.
‘பரவால்லப்பா, கப்பல் மாதிரி சாயுது.’

கப்பல் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.
பதினோரு நாளாகக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்கிறது.
அலை அடங்காமல் சரக்கை இறக்க முடியாது.
அதன் வயிற்றுக்குள் என் அரிசி, துவரம்பருப்பு,
இன்னும் பேர் வைக்காத ஒருவனின் தொட்டில்.
கடையில் விமானத்தில் வந்த முட்டைக்கோஸ், இருபத்திரண்டு டாலர்.
எடுத்தேன், முகர்ந்தேன்,
தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல்
திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.
எதிர்வீட்டு சல்மியா
மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக்
கிண்ணத்தோடு வந்து நின்றாள்.
அவளுக்கும் அதே கப்பல்தான்.

மழை விழுந்த மறுநாள் நண்டுகள் இறங்கின.
காட்டிலிருந்து கடலுக்கு, சிவப்பாக, ரோடு தெரியாமல்,
எங்கள் செருப்புக்குள்ளும்.
பள்ளிக்கூடம் ஏழு நிமிஷம்; அன்று நாற்பது.
பத்தடிக்கு ஒருமுறை இறங்கி
வாரியால் தள்ளித் தள்ளி வழி எடுத்தேன்.
இயல் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு,
‘அம்மாவும் இப்படித்தானே கடலுக்குப் போனாங்க?’
ஆமாம் என்றேன்.
‘குட்டிங்க திரும்பி வருமா?’
சில வருஷம் வரும்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
பல வருஷம் ஒன்றுகூட வராது என்றும் சொல்லித் தொலைத்தேன்.
அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பா
திறக்காமலே வீட்டுக்கு வந்தது.

போன மாசம் டெய்ஸி கிளம்பினாள்,
சுங்க அதிகாரியின் மகள். இரண்டு வருஷ ஒப்பந்தம்.
இயலுக்கு இவள் மூன்றாவது உயிர்த்தோழி.
ஏர்போர்ட் வேலியோரம் ஒரு சிப்பியைக் கொடுத்தாள்,
கை ஆட்டினாள், ‘போலாம்ப்பா’ என்றாள்.
அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும்.

இன்று செவ்வாய்.
பிறந்து பதினெட்டு நாளானவன் வருகிற நாள்.
காலையிலிருந்தே ஓடுபாதையில் மேகம் படுத்திருந்தது,
எழுப்பினாலும் எழாத மாடு மாதிரி.
இரண்டே காலுக்குச் சத்தம் கேட்டது.
தபால்காரர், சல்மியா, யாரையோ கூட்டிப்போக வந்த போலீஸ்காரர்,
எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.
ஒரு சுற்று.
இரண்டாவது சுற்று, கொஞ்சம் தாழ்வாக;
தகரக் கூரை அதிர்ந்தது.
மூன்றாவது பாதியில்
சத்தம் தெற்கே நழுவி
மெலிந்து
மழையாகிப் போனது.

அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை.

ராத்திரி போனில் தமயந்தி:
‘திரும்ப பெர்த்துக்கே வந்துட்டோம்.
ஜன்னல் முழுக்க வெள்ளைதான்.
நீங்க கீழதான் நின்னீங்களா?
இவன் ஒண்ணுமே தெரியாம தூங்கிட்டான்.’

ஆனால் அதற்கு முன்னால், வீட்டுக்கு வரும் வழியில்,
வைப்பர் ஓடிக்கொண்டிருக்க
பின் சீட்டிலிருந்து இயல் சொன்னாள்:
‘அப்பா, தம்பி சத்தம் எனக்குக் கேட்டுச்சு.’

அது இன்ஜின் என்று வாய்வரை வந்தது.
ஹெட்லைட்டில் ஒரு நண்டு
இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நின்றது.
‘எனக்கும்தான்’ என்று சொல்லிவிட்டு
வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.