புள்ளி வைக்கும் இடம்

ஊருக்குப் பெயர் பிறை. நிலா தெரியாது,
தொழிற்பேட்டைப் புகை.
இரவு பதினொன்றுக்குக் கிடங்கின்
உருட்டுக்கதவை இழுத்துவிட்டோம்.
தகரக் கூரையில் ஆணி ஓட்டை ஏழு;
ஏழையும் கறுப்பு டேப்பால் அடைத்தான் ஹஃபிஸ்.
மேலே ஒரு நூல்கூடக் கசியக் கூடாது,
பட்டர்வொர்த் விமானத்தளம் கூப்பிடு தூரம்.

இரண்டு லேசர் பெட்டிகள்.
ஒன்று ஊய் செங் ஹாக் கொண்டுவந்தது.
நெற்றியில் கொட்டை எழுத்தில் இருபது வாட்,
எட்டாயிரம் வெள்ளி,
இன்றே எடுத்தால் புகை மெஷின் இனாம்.
மற்றது ஷா ஆலமிலிருந்து லோரியில் வந்தது.
ஆறு வாட், இருபத்தொன்பதாயிரம்.
இனாம் கிடையாது,
ஒரு சாவியும் சிவப்புப் பொத்தானும் மட்டும்.

மீட்டரை முகத்துக்கு நேரே பிடித்தேன்.
இருபது, பதினொன்று என்று ஒப்புக்கொண்டது.
அதிலும் பாதிக்கு மேல் பச்சை.
பச்சை கண்ணுக்குச் செல்லப்பிள்ளை,
துளி போட்டாலும் குடமாய்த் தெரியும்;
விற்கிறவருக்கும் அது தெரியும்.
வெள்ளை கேட்டேன், இளநீர் வந்தது.
சிவப்பு, பெட்டி சூடானதும்
மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்த ஆள்போல
சாய்ந்துவிட்டது.

ஆறு சொன்னது: ஆறு புள்ளி மூன்று.

முப்பது மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரில்
ஒன்றின் பொட்டு கிச்சாப் மூடி அளவு,
மற்றதன் பொட்டு தே தாரிக் கிளாஸின் வாய்.
எது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.
"தூரத்துல யாரு பாக்குறா, தங்காச்சி?"
செங் ஹாக் சிரித்தார்.
நல்ல மனிதர். கேட்டதற்கெல்லாம் விசிறியைத் திருப்பிவைத்தார்.

பிறகு சதுரத்துக்குள் வட்டம்.
வட்டம் நாலு பக்கமும் தொட வேண்டும், மீறக் கூடாது.
விலை கூடியது தொட்டது.
விலை குறைந்தது முட்டையிட்டது.

கடைசியாக, நாங்கள் நிஜமாகவே பிழைக்கிற சொல்லைப் போட்டேன்.
கல்யாணம், காதுகுத்து, கம்பெனி ஆண்டு விருந்து,
எல்லாவற்றுக்கும் ஒன்றே:
வாழ்த்துகள்.
(முதலாளி மரியதாஸ் 'க்' போடச் சொல்வார்.
ஒவ்வொரு விருந்துக்கும் இதே சண்டை.)

ஆங்கிலம் கோடு. தமிழ் சுழி.
'ழ'வின் வால் வரை போய்
அங்கே அணைந்து,
இருட்டில் தாவி,
தலைக்கு மேல் விழித்து
ஒரு புள்ளி வைக்க வேண்டும் கண்ணாடி.
செங் ஹாக்கின் பெட்டி அணைய மறந்தது.
மூன்று புள்ளிக்கும் மூன்று கயிறு,
எழுத்தெல்லாம் தூக்கில் தொங்கின.
ஹஃபிஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது,
அவனே கேட்டான்: "அக்கா, இது மழையா?"

மற்றது புள்ளியைப் புள்ளியாக வைக்கவே இல்லை.
கிட்டப் போய்ப் பார்த்தேன்:
கடுகளவு வட்டம், ஓடிக்கொண்டே இருந்தது.
ஓடும்வரைதான் இது எழுத்து;
நின்றால் ஊசி.

ஆகையால் நிறுத்திப் பார்த்தேன்.
கண்ணாடியை அசைக்கும் வயரைப் பிடுங்கினேன்.
இருபத்தொன்பதாயிரம் அந்தக் கணமே கண்ணை மூடிக்கொண்டது.
எட்டாயிரம் மூடவில்லை.
எல்லாச் சுழியும் சுருங்கி
சுவரில் ஒரே இடத்தில் குத்தி நின்றது,
வைத்திருந்த கறுப்பு அட்டையிலிருந்து
மெல்லிய வாசம் எழும்பியது.
செங் ஹாக் சிரிக்கவில்லை. தானே பிளக்கைப் பிடுங்கினார்.

முதலாளி போனில் கேட்டார்: "எது வெளிச்சம் அதிகம்?"
"ஊய் கொண்டுவந்ததுதான்."
"பிறகென்ன?"

ஒன்றும் சொல்லவில்லை நான்.
ஈராண்டுக்கு முன் கர்னி டிரைவ் ஓட்டலில்
சிக்கி நின்ற கதிர் ஒன்றை
எட்டிப் பார்த்தவள் நான் என்று
அவருக்கும் தெரியும், மருத்துவ பில்லும் அவரிடம்தான்.
மௌனம் நீண்டது.
"சரி, ஒண்ணு மட்டும் எடு. ரெண்டு வேணாம்."

விடிகாலை, பாலத்தின் மேல்,
ஹஃபிஸ் வேன் ஓட்ட
வலக்கண்ணை மூடிக்கொண்டேன், பழக்கம்.
எதிர்ப் பாதையில் லோரி வந்தது.
சக்கரம் இருந்தது, எண் பலகை இருந்தது,
ஓட்டுநரின் சட்டைக் காலர் வரை இருந்தது.